விரல் ரேகையை வைத்து மூளையை அளக்கும் டெஸ்ட்: சேலத்தில் எடுத்துப் பார்த்தோம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு ஒன்று. அதற்குக் கீழே கொடுக்க வழியில்லை என்பதால்தான் அந்த ஒன்றும்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் சேலத்தில் இந்த விளம்பரத்துக்குத் தப்பித்துத் தெருவில் நடக்க முடியாது. டவுன் பஸ் முதுகில், பாலத்துத் தூணில், அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில், எங்கே பார்த்தாலும் ஏழு நிறத்தில் ஒரு மூளைப் படம், பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை, "உங்கள் குழந்தையின் பிறவித் திறமையைக் கண்டறியுங்கள்" என்று ஒரு வரி. டெர்மடோகிளிஃபிக்ஸ் மல்டிபிள் இன்டெலிஜென்ஸ் டெஸ்ட், டிஎம்ஐடி என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். பத்து விரலையும் ஸ்கேன் செய்து, குழந்தைக்கு மூளையின் எந்தப் பகுதி பலம், எது பலவீனம், பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுக்கலாம், பிற்காலத்தில் என்ன வேலைக்குப் போகலாம் என்று எல்லாவற்றையும் ஒரே ரிப்போர்ட்டில் கொடுத்துவிடுவார்களாம். நாங்கள் போன சென்டரின் பெயரைப் போடவில்லை. விசாரித்த வரையில் இந்த வியாபாரம் செய்கிற எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே சாஃப்ட்வேர், ஒரே ரிப்போர்ட், ஒரே வசனம். ஒரு கடையை மட்டும் திட்டினால் நீங்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவீர்கள், அவ்வளவுதான் நடக்கும்.

போனது அக்கா மகளுக்காக. பத்தாவது முடித்திருக்கிறாள், நல்ல மார்க். அவளுக்கு ஒரு விசித்திரமான ஆசை, கண்ணும் மூளையும் எப்படி இணைகிறது என்று ஆராய்ச்சி செய்யவேண்டுமாம். எங்கிருந்து வந்தது என்றால், அவள் தம்பிக்கு அஞ்சு வயதில் ஒரு கண்ணில் பார்வை சரியாக வரவில்லை, கண்ணில் ஒன்றும் கோளாறில்லை, இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் இருந்ததால் மூளை அந்தக் கண்ணைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது, சோம்பேறிக் கண் என்று டாக்டர் சொன்னார். கண்ணாடி போட்டு, நல்லாத் தெரிகிற கண்ணைத் தினமும் 2 மணி நேரம் பேட்ச் ஒட்டி மூடச் சொன்னார். வீட்டில் எல்லாரும் "நல்ல கண்ணைப் போய் மூடுறாங்களே" என்று புலம்பிக்கொண்டிருந்தபோது இவள் மட்டும், "அப்போ பார்வை கண்ணுல இல்லையா மாமா, மூளைதான் பார்க்கக் கத்துக்குதா?" என்று கேட்டாள். நான் எம்.எஸ்சி. விலங்கியல் படித்துவிட்டு மருந்து கம்பெனி ரெப்பாக இருப்பவன், கண் டாக்டர்களின் வாசலில் காத்திருப்பதே என் பிழைப்பில் பாதி. அதனால் கொஞ்சம் பதில் சொல்ல முடிந்தது, மீதியை அவளே தேடிப் படித்துக்கொண்டாள். அக்காவுக்கோ கவலை. "டாக்டர்னா தெரியும், இன்ஜினியர்னா தெரியும், இது என்னடா படிப்பு?" என்று கேட்டுக்கேட்டு, கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று டிஎம்ஐடிக்கு முன்பணம் கட்டிவிட்டாள்.

இடம் பளபளப்பாக இருந்தது, குறை சொல்லமாட்டேன். ஏசி, கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க மூளைப் படம், ரிசப்ஷனில் இருந்த பெண் தண்ணீர் கொடுத்து மரியாதையாகப் பேசினாள். ஸ்கேனர் என்பது ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற அதே சின்னப் பெட்டிதான், கீழே ஒரு லேப்டாப். ஈர டிஷ்யூவால் விரலைத் துடைத்து, ஒவ்வொரு விரலையும் நேராக, இடப்பக்கம், வலப்பக்கம் என்று உருட்டி எடுத்தார்கள். முதல் நாள் மாங்காய் நறுக்கும்போது அவளுக்கு ஆள்காட்டி விரலில் ஒரு கீறல், அது விழவே மாட்டேன் என்றது. திரும்பத் திரும்ப அழுத்தி, அப்புறம் கொஞ்சம் க்ரீம் தடவி எடுத்தார்கள். எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதி, பாலிஷ் போட்டே காலம் தள்ளியவர், ரேஷன் கடை மெஷினில் அவர் ரேகை விழவே விழாது, கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குகிறார். இந்தக் கணக்குப்படி அவருக்கு மூளையே காலி. சொன்னேன். அந்தப் பெண் சிரித்தாள், ரிப்போர்ட்டை விளக்க உட்கார்ந்திருந்த கவுன்சிலர் சிரிக்கவில்லை.

ரிப்போர்ட் வந்தது, ஸ்பைரல் பைண்டிங் செய்து தடியாக. உள்ளே முக்கால்வாசி எல்லாருக்கும் பொதுவான பத்திகள், "உங்கள் குழந்தை அன்புக்கு ஏங்கும், கண்டித்தால் வருந்தும்" வகையறா. மீதி வட்டப் படங்கள், சதவீதங்கள், அதுவும் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் வரைக்கும். ஒவ்வொரு விரலுக்கும் மூளையில் ஒரு பகுதியை எழுதி வைத்திருக்கிறார்கள். பெருவிரல் முன்நெற்றிப் பகுதி, மோதிர விரல் கேட்கும் திறன், சுண்டு விரல் ஆக்சிபிடல் லோப், அதாவது பார்வை. இவளுடைய சுண்டு விரலில் இருப்பது வளைவு ரேகையாம், ஆகவே "பார்வைவழித் திறன் குறைவு". வீட்டுச் சுவரெல்லாம் படம் வரைந்து அடி வாங்கிய பிள்ளை இவள். சிபாரிசு: காமர்ஸ், மனிதவள மேலாண்மை, ஈவெண்ட் மேனேஜ்மெண்ட். ஆராய்ச்சிக்குப் பொறுமை போதாது என்று ஒரு தனிக் கட்டத்தில் சிவப்பில் போட்டிருந்தார்கள்.

"ரேகைக்கும் மூளைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டேன். கவுன்சிலர் தயாராக இருந்தார். "சார், கருவுல தோலும் மூளையும் ஒரே லேயர்ல இருந்துதான் வருது, எக்டோடெர்ம். அதனால மூளை எப்படி வளருதோ அது அப்படியே விரல்ல பிரிண்ட் ஆகிடும்." முதல் பாதி உண்மை. மேல்தோலும் நரம்பு மண்டலமும் எக்டோடெர்மிலிருந்துதான் வருகின்றன. ஆனால் தலைமுடியும் அதிலிருந்துதான் வருகிறது, பல்லின் எனாமலும் அதிலிருந்துதான், கண்ணின் லென்சும் அதிலிருந்துதான். அப்படியென்றால் பல்லைப் பார்த்தும் குரூப் சொல்லலாமே என்றதற்கு "அதெல்லாம் ரிசர்ச்ல ப்ரூவ் ஆயிடுச்சு சார்" என்று ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கேதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது, ஏனென்றால் அங்கே நிஜமான ஆட்களின் பெயர் இருந்தது.

1823, புர்கின்யே. உண்மைதான், அந்தச் செக் நாட்டு அறிஞர்தான் விரல் ரேகைகளை முதன்முதலில் 9 வகையாகப் பிரித்தார். அவரே பிற்பாடு சிறுமூளையில் இருக்கும் பெரிய நரம்பு செல்களையும் கண்டார், இன்றைக்கும் அவற்றுக்கு அவர் பெயர்தான். பார்வையைப் பற்றியும் நிறைய யோசித்தவர். ஏற்காட்டில் அந்தி சாயும் நேரத்தில் தோட்டத்தைப் பார்த்தால் சிவப்புப் பூ முதலில் கறுத்துப்போய், பச்சை இலை இன்னும் தெளிவாகத் தெரியும் இல்லையா, வெளிச்சம் குறையும்போது நம் கண் வேலை செய்யும் முறை மாறுவதால் வருவது அது. அதற்கும் புர்கின்யே பெயர்தான். ரேகை, மூளை, பார்வை மூன்றையும் கையில் வைத்திருந்த மனுஷன், ஒன்றைப் பார்த்து இன்னொன்றை அளக்கலாம் என்று சொல்லவில்லை.

அடுத்த வரி: 1981, ரோஜர் ஸ்பெர்ரி, வலது இடது மூளை ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு. இதுவும் உண்மை. ஆனால் அந்த வருடத்து மருத்துவ நோபலில் பாதிதான் ஸ்பெர்ரிக்கு. மறு பாதியை டேவிட் ஹியூபல், டோர்ஸ்டன் வீசல் என்ற இரண்டு பேர் பகிர்ந்துகொண்டார்கள். அவர்கள் பெயர் ரிப்போர்ட்டில் இல்லை. போட்டால் கடையை மூடவேண்டியிருக்கும்.

இந்த இருவரும் 1958-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கஃப்லர் என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள், மறுவருடம் ஹார்வர்டுக்குப் போனார்கள். பூனையின் மூளைப் பின்பக்கத்தில், அதாவது நம் ரிப்போர்ட் சுண்டு விரலில் தேடுகிற அதே ஆக்சிபிடல் பகுதியில், மெல்லிய மின்முனையைச் செருகி ஒவ்வொரு செல்லாகக் கேட்டார்கள். வெளிச்சப் புள்ளி, கறுப்புப் புள்ளி எதைக் காட்டினாலும் செல் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடி ஸ்லைடைக் கருவிக்குள் தள்ளும்போது அதன் விளிம்பின் நிழல் திரையில் ஒரு கோடாக நகர்ந்தது, அதற்குத்தான் செல் படபடவென்று பேசியது. குறிப்பிட்ட சாய்வில் இருக்கும் கோட்டுக்கு மட்டும் பதில் சொல்லும் செல்கள் என்று அப்படித் தெரியவந்தது. அதைவிட நமக்கு முக்கியமானது அடுத்த வேலை. பிறந்த பூனைக்குட்டிக்கு ஒரு கண்ணின் இமையைத் தைத்து மூடிவிட்டு, சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை, ஆனால் மூளையின் மேலடுக்கான புறணியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்ல ஏறக்குறைய ஒரு செல்லும் மிச்சமில்லை, எல்லாம் திறந்திருந்த கண்ணின் பக்கம் சாய்ந்துவிட்டன. வளர்ந்த பூனைக்கு அதே மாதிரி மூடினால் ஒன்றும் ஆகவில்லை. 1963-இல் இதை வெளியிட்டார்கள். (இதைச் சொன்னபோது மருமகள் கேட்ட முதல் கேள்வி "பூனைக்குட்டி பாவம் இல்லையா மாமா?" பாவம்தான். அதை மழுப்பிப் பேச எனக்கு மனசில்லை. அந்தப் பூனைக்குட்டிகளால்தான் பிறவிக் கண்புரையைக் குழந்தை வளரட்டும் என்று காத்திருக்காமல் சீக்கிரமே எடுக்கிறார்கள் என்பதும், அவள் தம்பிக்கு நல்ல கண்ணை மூடிய வைத்தியத்துக்குக் காரணம் புரிந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் அவளிடம் சொன்னேன்.)

சரி, இதில் டிஎம்ஐடி எங்கே இடிக்கிறது? விரல் ரேகை கருவில் பத்து பதினோரு வாரத்தில் தொடங்கி ஆறாம் மாதத்துக்குள் முடிந்துபோகிற காரியம், அதற்கப்புறம் சாகும்வரை மாறாது. மூளையின் பார்வைப் பகுதியோ பிறந்த பிறகும், கண் திறந்து எதைப் பார்க்கிறது எதைப் பார்க்கவில்லை என்பதைப் பொறுத்து இணைப்பை மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஹட்டன்லாக்கர் என்ற குழந்தை நரம்பியல் மருத்துவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இணைப்புகளை எண்ணியே பார்த்தார். மனிதக் குழந்தையின் பார்வைப் புறணியில் அவை அதிகபட்ச நெருக்கத்துக்கு வருவது பிறந்து ஏறக்குறைய 8 மாதத்தில், அங்கிருந்து 11 வயதுவரை கழிந்து கழிந்து சுமார் 60 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஆறாம் மாதக் கருவில் முடிந்துபோன கோட்டைப் பார்த்து, பதினோரு வயதுவரை தட்டிக்கொட்டி அமைகிற ஒன்றைப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம்வரை சொல்கிறார்களாம். பேட்ச் ஒட்டிய பையனுக்குச் சில மாதத்தில் அந்தக் கண்ணில் சார்ட்டில் இன்னும் இரண்டு வரி படிக்க வந்தது. சுண்டு விரலில் அதனால் ஒரு கோடுகூட மாறியிருக்காது.

அக்கா கேட்டது நியாயமான கேள்விதான், "இது என்ன படிப்பு, இதைப் படிச்சவங்க எப்படிப் பிழைக்கிறாங்க?" காசு வாங்கிய இடத்தில் அதற்குப் பதில் இல்லை. அதனால் வீட்டுக்கு வந்து நானே ஒருவரின் கதையைச் சொன்னேன், கார்லா ஷாட்ஸ். ஹியூபல், வீசல் இருவரின் மாணவி. இந்தத் துறையில் ஒரு வாழ்க்கை எப்படிப் போகும் என்று பார்க்க அவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை.

1947-இல் பிறந்தவர். முதலில் படித்தது மூளையே இல்லை, வேதியியல், ராட்கிளிஃப் கல்லூரியில் 1969-இல் முடித்தார். அப்புறம் லண்டனில் உடலியல், அங்கிருந்து ஹார்வர்டு, 1976-இல் பிஎச்.டி. ஹார்வர்டில் நரம்பு உயிரியலில் பிஎச்.டி. வாங்கிய முதல் பெண். ஆய்வு எதில் என்றால் சயாமிய பூனையில். அந்த வகைப் பூனைக்கு நிறமி சம்பந்தப்பட்ட ஒரு மரபணுக் கோளாறு உண்டு, அதனால் கண்ணிலிருந்து வரும் நரம்பிழைகளில் ஒரு பகுதி போகவேண்டிய பக்கம் போகாமல் மூளையின் எதிர்ப்பக்கம் போய்விடும், பல பூனைக்கு மாறுகண்ணும் இருக்கும். இழை தவறான இடத்துக்கு வந்துவிட்டால் மூளை என்ன செய்து சமாளிக்கிறது என்பதுதான் அவர் பார்த்தது. கோணல் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நேரானது எப்படி வருகிறது என்று கேட்பது, எனக்கு அது ரொம்பப் பிடித்த அணுகுமுறை.

1978-இல் ஸ்டான்ஃபோர்டில் சொந்த ஆய்வகம். ஆசான்கள் பிறந்த குட்டியைப் பார்த்தார்கள், இவர் ஒரு படி பின்னால் போனார், பிறப்பதற்கு முன்னால் என்ன நடக்கிறது? கண்ணிலிருந்து வரும் நரம்பு நேராக மூளைப் புறணிக்குப் போவதில்லை, நடுவில் தலாமஸ் என்ற மூளையின் உள்பகுதியில் நம்ம சேலம் ஜங்ஷன் மாதிரி ஓர் இடத்தில் நின்று மாறித்தான் போகிறது. வலது கண் வண்டிக்கு ஒரு பிளாட்பாரம், இடது கண் வண்டிக்கு வேறு பிளாட்பாரம். ஆரம்பத்தில் இரண்டும் கலந்து கிடந்து, பிறகு பிரிகின்றன, பூனையில் இது தாயின் வயிற்றுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. உள்ளே ஒரே இருட்டு, ஒளி என்ற ஒரு வண்டியும் இன்னும் வரவில்லை. அப்புறம் யார் பிளாட்பாரம் பிரித்தது? மரபணுவே எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். இவரும் மைக்கேல் ஸ்ட்ரைக்கரும், பேத்தை மீனில் இருக்கிற விஷத்தை, நரம்பின் மின்துடிப்பை நிறுத்தும் விஷம் அது, கருவிலிருக்கும் பூனைக்குட்டியின் மூளைக்குள் துளித்துளியாகச் செலுத்திப் பார்த்தார்கள். பிளாட்பாரம் பிரியவில்லை. 1988-இல் வந்த ஆய்வு. ஆக, இருட்டிலேயே ஏதோ துடிப்பு நடக்கிறது, அது இல்லாமல் வேலை ஆகாது.

அந்தத் துடிப்பை நேரில் பிடித்தது 1991-இல். ஃபெரட் என்று ஒரு பிராணி, கீரி மாதிரி நீள உடம்பு, அதன் குட்டி மிக முதிராத நிலையில் பிறப்பதால் பூனைக்கு வயிற்றுக்குள் நடப்பது இதற்கு வெளியே நடக்கும். குட்டியின் விழித்திரையை எடுத்து, வரிசையாக மின்முனைகள் பதித்த தட்டின்மேல் விரித்து வைத்தார்கள். மார்க்கஸ் மைஸ்டர், ரேச்சல் வாங், டெனிஸ் பேலர், ஷாட்ஸ் நாலு பேரும் சேர்ந்து செய்தது. ஒளியே படாத அந்த விழித்திரையில் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் சேர்ந்து துடித்தன, அந்தத் துடிப்பு அலையாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது, கொஞ்சம் ஓய்வு, மறுபடி வேறு பக்கத்திலிருந்து ஓர் அலை. ஒரே கண்ணில் பக்கத்தில் இருப்பவை ஒன்றாகத் துடிக்கின்றன, இரண்டு கண்ணும் தனித்தனியாக. ஒன்றாகத் துடிப்பவை ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், மற்றவை இடத்தை விட்டுக்கொடுக்கும், அப்படித்தான் வலது இடது பிரிகிறது. கண் திறப்பதற்கு முன்னாலேயே கண் தன்னைத்தானே ஒத்திகை பார்த்துக்கொள்கிறது என்று அக்காவிடம் சொன்னபோது, அதுவரை ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "வயித்துக்குள்ளயேவா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியை அந்த சென்டர் காசு வாங்கிக்கொண்டும் அவளிடமிருந்து வரவைக்கவில்லை.

மீதியை வேகமாகச் சொல்கிறேன். 1992-இல் பெர்க்லி பல்கலைக்கழகம். 1998-இல், நோயெதிர்ப்புக்கு மட்டும் உரியவை என்று எல்லாரும் நினைத்திருந்த எம்எச்சி முதல் வகைப் புரதங்கள் நரம்பு செல்லிலும் இருக்கின்றன, துடிப்பைப் பொறுத்துக் கூடிக் குறைகின்றன என்று அவர் ஆய்வகம் சொன்னது. நரம்பு செல்லில் அந்தப் புரதமே கிடையாது என்பதுதான் அன்றைய பாடம். அதற்கு எதிராகப் போய் நிற்க வேண்டியிருந்தது. 2000-இல் ஹார்வர்டு நரம்பு உயிரியல் துறைத் தலைவர், அந்த நாற்காலியில் முதல் பெண். 2007-இல் மறுபடி ஸ்டான்ஃபோர்டுக்கு, பயோ-எக்ஸ் என்ற பல துறை கூட்டு ஆராய்ச்சித் திட்டத்தை நடத்த. 2016-இல் ஈவ் மார்டர், மைக்கேல் மெர்செனிக் இருவரோடு நரம்பியலுக்கான காவ்லி பரிசு. கணக்குப் போட்டுப் பாருங்கள், சொந்த ஆய்வகம் கிடைத்தபோது வயது 31, பெரிய பரிசு வந்தபோது 69-ஐ ஒட்டி. வேதியியல், உடலியல், பூனை, ஃபெரட், நோயெதிர்ப்பு என்று போன இந்த வாழ்க்கை எந்தச் சுண்டு விரலில் எழுதியிருந்தது? "பொறுமை போதாது" என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சிவப்புக் கட்டத்தில் எழுதிக் கொடுக்கிற ஆட்களுக்கு இந்த 31-ம் 69-ம் தெரியுமா?

அமெரிக்கா கதையெல்லாம் நமக்கெதற்கு என்பீர்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் இருக்கும் பவன் சின்ஹா டெல்லி ஐஐடியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர். பிறவிக் கண்புரையோடு சிகிச்சை இல்லாமல் வளர்ந்துவிட்ட நம் நாட்டுக் குழந்தைகளைத் தேடிப்பிடித்து அறுவை செய்துவிட்டு, அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்று பிரகாஷ் திட்டத்தில் கவனிக்கிறார். வயது தாண்டிவிட்டால் அவ்வளவுதான் என்று நினைத்தது முழு உண்மை இல்லை, கொஞ்சமாவது வருகிறது என்று தெரிந்தது அங்கேதான். நம் பக்கத்திலேயே சென்னை ஐஐடியில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இருக்கிறது. கருவிலிருக்கும் மனித மூளையை, அதுவும் நாலு, அஞ்சு, ஆறாம் மாத மூளையை, மெல்லிசாகச் சீவிப் படமெடுத்து 5,132 சீவல்களைத் "தரணி" என்ற பெயரில் 2024-இல் இணையத்தில் இலவசமாகவே போட்டுவிட்டார்கள். ரேகை உருவாகி முடிகிற அதே மாதங்கள். ரேகையில் மூளையைப் பார்க்கிறோம் என்று காசு கேட்கிறவர்களிடம், மூளையையே பார்க்கலாம் வாங்க என்று லிங்க் அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

குரூப் விஷயம், இது தேடி வருகிறவர்களுக்காக. இந்தப் படிப்புக்கு நீட் கட்டாயமில்லை. எம்பிபிஎஸ் வழியாகவும் வரலாம், ஹியூபலும் வீசலும் டாக்டருக்குப் படித்தவர்கள்தான், ஆனால் அது ஒரு வழி மட்டுமே. பிளஸ் டூ முடித்து ஐஐஎஸ்இஆர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களில் சேர ஐஏடி என்று ஒரு தேர்வு, அதே மாதிரி புவனேஸ்வரில் இருக்கும் நைசருக்கு நெஸ்ட். ஐஏடியில் உயிரியல், கணிதம், இயற்பியல், வேதியியல் நாலிலும் கேள்வி வரும், அதனால் கணிதத்தை விட்டுவிட்டுப் போகாமல் பயோ-மேத்ஸ் எடுப்பது நல்லது. அப்புறம் பிஎச்.டி.க்கு பெங்களூரு ஐஐஎஸ்சியில் நரம்பியல் மையம் இருக்கிறது, அதே ஊரில் என்சிபிஎஸ், நிம்ஹான்ஸ் ஆய்வு நிறுவனங்கள், ஹரியானா மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம். அக்காவுக்கு வேண்டியது சம்பளக் கணக்கு, அதையும் சொன்னேன், ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், மூத்த நிலைக்குப் போனால் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஐடி கம்பெனிப் பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டால் வருஷக்கணக்கில் பின்னால்தான் நிற்கவேண்டும், முப்பது வயதுவரை "இன்னும் படிக்கிறாளா?" என்று கல்யாண வீட்டில் கேட்பார்கள், நிரந்தர வேலை எல்லாருக்கும் கிடைப்பதும் இல்லை. இதை மறைத்து ஆசை காட்டினால் நானும் அந்த சென்டர் மாதிரிதான்.

சென்டருக்கு வருகிறேன். ரிப்போர்ட்டை விளக்கி முடித்ததும், "பார்வைத் திறன் குறைவா இருக்கு, கவலைப்படாதீங்க மேடம், மிட்பிரைன் ஆக்டிவேஷன் பேக்கேஜ் இருக்கு" என்று அடுத்த அட்டையை எடுத்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிப்பார்களாம், கலரை முகர்ந்தே சொல்வார்களாம். கண்கட்டுக்குக் கீழே மூக்கோரம் இருக்கும் இடுக்கு வழியாகப் பார்ப்பதுதான் இந்த வித்தை, மங்களூரு நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் பல வருடமாக மேடை போட்டு இதை உடைத்துக் காட்டுகிறார்கள். மிட்பிரைன், அதாவது நடுமூளை, எல்லாருக்கும் ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. டார்ச் அடித்தால் கண்மணி சுருங்குகிறதே, அந்தச் சங்கதி அது வழியாகத்தான் போகிறது. கண்ணை மேலும் கீழும் திருப்பச் சொல்லும் நரம்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆக்டிவேட் ஆகாத மிட்பிரைனோடு யாராவது இருந்தால் அவரை சென்டருக்கு இல்லை, ஐசியூவுக்குத்தான் கூட்டிப்போக வேண்டும்.

பணம் நாலாயிரத்துச் சொச்சம். திருப்பிக் கேட்டோம், "சர்வீஸ் டெலிவர் ஆயிடுச்சு" என்றார்கள். எந்த ஆய்வின் அடிப்படையில் சுண்டு விரல் என்று எழுதித்தரக் கேட்டதற்கு மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றதோடு சரி. இந்திய மனநல மருத்துவர் சங்கமே இந்த டெஸ்டுக்கு அறிவியல் அடிப்படை கிடையாது என்று சொல்லியிருக்கிறது, பல்வகை அறிவுத்திறன் என்று 1983-இல் புத்தகம் எழுதிய ஹோவார்ட் கார்ட்னர் பெயரை ரிப்போர்ட்டில் பக்கத்துக்குப் பக்கம் போடுகிறார்களே, அவர் கொள்கையிலும் ரேகைக்கு வேலையில்லை. பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எங்களுக்கு முதலில் வெறும் கார்டில் எழுதிக் கொடுத்தார்கள், கேட்ட பிறகுதான் பில் வந்தது. பிள்ளையின் பத்து விரல் ரேகையும் அவர்கள் லேப்டாப்பில் இருக்கிறது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள், ஆதாருக்குக் கொடுக்கும் அதே ரேகை. அழிக்கச் சொல்லி எழுத்தில் கேட்டிருக்கிறோம்.

மருமகள் பயோ-மேத்ஸ் சேர்ந்துவிட்டாள். ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் வேதியியல் கணக்குப் போட உதவுகிறதாம். தம்பிக்கும் எடுத்தால் பாதி விலை என்று சென்டரிலிருந்து அக்காவுக்கு இன்னும் வாட்ஸ்அப் வந்துகொண்டிருந்தது, போன வாரம் அவளே பிளாக் செய்துவிட்டாள்.